உவர்க் கிணத்துத் தண்ணியில இஞ்சின் கழுவலாமோ?

சிலாவத்தைக்காரி

வணக்கம். இஞ்ச எழுதிறது முக்கால்வாசி ஆம்பிளையள் எண்டு தெரியும். நான் கடலுக்குப் போற ஆளில்லை, இஞ்சின் கழுவத் தண்ணி அள்ளுற ஆள். அதால என்ர கேள்வியும் தண்ணியைப் பற்றினதுதான்.

எங்களிட்ட 18 அடி பைபர் வள்ளம் ஒண்டு, 25 எச்பி யமஹா. ரூ ஸ்ரோக், கயிறு இழுத்து ஸ்ரார்ட் பண்ணிறது, கைமாறி வந்தது. அவரும் அவற்ற தம்பியும் விடியப்புறம் ரெண்டு மணிக்குப் போய் எட்டு ஒம்பதுக்குக் கரைக்கு வருவினம். எங்கட பக்கம் இறங்குதுறை ஒண்டும் இல்லை, வெறும் மணல். வள்ளத்தைத் தள்ளி ஏத்திப்போட்டு இஞ்சினைக் கழட்டி லான்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில வீட்டுக்குக் கொண்டு வருவினம். கரையில விட்டால் அடுத்த நாள் இருக்குமோ எண்டு ஆருக்கும் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால வேப்பமரத்தடியில ரெண்டு பனங்குத்தி நட்டு, குறுக்க பலகை அடிச்சு, அதில இஞ்சினைக் கொழுவிறது. கீழ ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரல், வாயை வெட்டினது. அதை நான் கிணத்தில அள்ளி நிரப்பி வைக்கோணும். பன்ரண்டு வாளி. அவையள் வந்து ஸ்ரார்ட் பண்ணி, கொஞ்சம் ஓடவிட்டு நிப்பாட்டுவினம். கொஞ்சம் எண்டால், சின்ன மச்சான் ஒண்டில இருந்து நூறு வரைக்கும் எண்ணுவான், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் ஓடவிடு எண்டால் "பெற்றோல் என்ன கிணத்திலயோ அள்ளுறது, மச்சாள்?" எண்டு கேப்பான்.

மாரியில பிரச்சினை இல்லை, குனிஞ்சு அள்ளலாம். இப்ப ஆவணி. கிணறு அடியில கிடக்கு, தண்ணி கரிக்குது, தேத்தண்ணி வைக்க ஏலாது. குடிக்க பவுசர் (தாங்கி லொறி) தண்ணிதான், கானில பிடிச்சு வைச்சிருக்கிறம்.

போன வியாழக்கிழமை கடலில இஞ்சின் சூடேறிப் போச்சு. பின்பக்கத்தால பீச்சிற தண்ணி நூல் மாதிரி மெலிஞ்சு, பிறகு வெறும் ஆவிதான் வந்ததாம். ஆறவிட்டு ஓடி, ஆறவிட்டு ஓடி, பன்ரண்டு மணிக்குத்தான் கரை கண்டவை. மீன் பழுது. ரவுணில ஒரு மெக்கானிக்கிட்டக் குடுத்தம். சிலிண்டர் ஹெட்டைக் கழட்டிக் காட்டினார், கேத்தில் அடியில பிடிக்கிற மாதிரி வெள்ளையாப் படிஞ்சு கிடந்தது. சுரண்டி, கஸ்கெற் மாத்திப் பூட்டித் தந்தார். தரேக்க "உப்புத் தண்ணியில கழுவினா இப்பிடித்தான், இதுக்குக் கழுவாமலே விட்டிருக்கலாம்" எண்டு ஒரு சொல்லும் சொன்னார். அந்தச் சொல்லை மாமி பிடிச்சுக்கொண்டா. இப்ப எங்கட வீட்டில இஞ்சின் பழுதானதுக்குக் காரணம் நான்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். கொஞ்சம் கரிக்கிற தண்ணியில கழுவிறது கழுவாமல் விடுறதை விட மோசமோ? ஒரு பரல் தண்ணியை எத்தினை நாளைக்குப் பாவிக்கலாம்? அவர் ஒரு கிழமை எண்டுறார், எனக்கு மூண்டாம் நாளே அந்தத் தண்ணியைப் பாக்க ஏலாது. எவ்வளவு நேரம் ஓடவிட வேணும்? பவுசர் தண்ணியை இஞ்சினுக்கு ஊத்தச் சொல்லாதேங்கோ. அது பிள்ளையள் குடிக்கிறது.

ரொறன்ரோ_வள்ளம்

தங்கச்சி, பரல் எல்லாம் அந்தக் காலம். இஞ்ச காதுமூடி மாதிரி ஒண்டு விக்கிறாங்கள், வளைஞ்ச கம்பியில ரெண்டு றப்பர்க் கிண்ணம். அதில ஹோஸ் பைப்பைப் பூட்டி, கியர்ப்பெட்டியில தண்ணி உறிஞ்சிற இடத்தை ரெண்டு பக்கத்தாலயும் கவ்வவிடுறது. முதல் பைப்பைத் திறக்கோணும், பிறகுதான் ஸ்ரார்ட். நிப்பாட்டேக்க மாறி, முதல் இஞ்சின், பிறகு பைப். என்ர ஃபோர் ஸ்ரோக்கில அதைவிட லேசு. பைப் பூட்டிறதுக்கெண்டே பக்கத்தில ஒரு வாய் இருக்கு, இஞ்சினை ஓட்டாமலே தண்ணியை விடலாம். அந்த வாயால விடேக்க ஓட்டக்கூடாது எண்டு புத்தகத்திலயே போட்டிருக்கு. இங்கயிருந்து ஆரும் வந்தால் ஒரு காதுமூடி குடுத்துவிடட்டோ?

சிலாவத்தைக்காரி

பெரிய உபகாரம் அண்ணை. ஆனால் எங்களுக்குக் குழாய்த் தண்ணி இல்லை. 500 லீற்றர் தாங்கி ஒண்டு ஆறடி மேடையில நிக்குது, அதிலயிருந்து வாற தண்ணிக்கு ஒரு கத்தரிக் கண்டே சரியா நனையாது. அண்ணை எந்தக் கடலில ஓடுறீங்கள்?

ரொறன்ரோ_வள்ளம்

கடல் இல்லைத் தங்கச்சி, ஒன்ராறியோ ஏரி. நன்னீர்தான். 😀

பழைய_ஸ்பானர்

கனடாத் தம்பி நன்னீரில ஓடிப்போட்டு நன்னீரில கழுவிறார். நல்லா இருக்கட்டும்.

பிள்ளை, நான் முப்பத்தஞ்சு வருசம் இந்த இஞ்சினுகளோட கிடந்தவன். முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய், எல்லாக் கரையிலயும் என்ர ஸ்பானர் விழுந்து மணலுக்க தொலைஞ்சிருக்கு. சண்டையால பெற்றோல் வன்னிக்குள்ள வராத தொண்ணூறுகளில, சேலைன் போத்திலுக்க நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில ஓட்டின காலத்துப் பழக்கம், எதையும் வீணாக்க மனம் வராது. அதால உங்கட தண்ணிக் கவலை எனக்கு நல்லா விளங்குது.

முதல் ஒரு கேள்வி. அந்த மெக்கானிக் ஹெட்டைத் திறந்தவர், சரி. கீழ பம்பைத் திறந்து பாத்தவரோ? நீங்கள் எழுதினதில அது இல்லை. பீச்சிற தண்ணி நூலா மெலிஞ்சுது எண்டால் நான் முதல் கை வைக்கிறது கீழதான். மேல இருந்த வெள்ளை ஒரு நாளில வந்ததில்லை, உங்களிட்ட வரமுதலே அரைவாசி படிஞ்சிருக்கும். கைமாறின இஞ்சின் எண்டு நீங்களே சொல்லுறீங்கள்.

உள்ளுக்க நடக்கிறதை ஒருக்காச் சொல்லுறன், பிறகு எல்லாம் தானா விளங்கும். கியர்ப்பெட்டிக்கு மேல, காலுக்குள்ள, ஒரு சின்ன றப்பர்ச் சில்லு இருக்கு, பூ மாதிரி இதழ் வைச்சது. இம்பெல்லர் எண்டுறது அதைத்தான். அது சுத்தித் தண்ணியை மேல தள்ளும். மேல ஹெட்டுக்கிட்ட தெர்மோஸ்ரற் எண்டு ஒரு மூடி. இஞ்சின் குளிரா இருக்கேக்க அது மூடிக் கிடக்கும், ஐம்பது அறுபது பாகை சூடு வந்தாத்தான் திறக்கும். திறக்குமட்டும் தண்ணி ஹெட்டைச் சுத்தி வடிவா ஓடாது. உங்கட மச்சான் நூறு வரைக்கும் எண்ணுறாரே, அந்த நூறில தெர்மோஸ்ரற் கண் முழிச்சும் இராது. பின்பக்கத்தால தண்ணி பீச்சுது, எல்லாம் கழுவுப்பட்டிட்டுது எண்டு நினைச்சு நிப்பாட்டுவார். உப்பு இருக்கிற இடத்திலயே இருக்கும். பத்து நிமிசம் வேணும், மெதுவான ஓட்டத்தில, நியூற்றலில. பீச்சிற தண்ணியில விரலை வையுங்கோ. வெதுவெதுப்பு வந்த பிறகுதான் உண்மையான கழுவல் தொடங்குது.

பெற்றோல் கணக்கு எனக்கும் தெரியும். 2022 ஆவணியில மண்ணெண்ணெய் ஒரே இரவில 87 ரூபாயிலயிருந்து 340க்குப் போனதைப் பாத்தவங்கள் நாங்கள். எண்டாலும் ரூ ஸ்ரோக் பத்து நிமிசம் மெதுவா நிண்டு குடிக்கிற எண்ணெயை, கடலில நிண்டு பழுதான ஒரு நாள் மீனோட வைச்சுப் பாக்கட்டும் அவர்.

இனித் தண்ணி. கொஞ்சம் கரிக்கிற தண்ணி கடல் தண்ணியை விட எவ்வளவோ மேல். "கழுவாமலே விட்டிருக்கலாம்" எண்ட கதையை நான் ஏற்க மாட்டன். எதிரி ஆர் எண்டால் காயிற உப்பு. தண்ணியில கரைஞ்சு கிடக்கேக்க உப்பு வழியை அடைக்காது. இஞ்சின் சூட்டோட வீட்டுக்கு வந்து, உள்ளுக்க ஒட்டியிருக்கிற கடல் தண்ணி வத்தி, படையா நிக்குது பாருங்கோ, அதுதான் வழியை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். நாளைக்கும் கடலுக்குப் போறது நிச்சயம் எண்டால் ஒரு நாள் கழுவாட்டி இஞ்சின் செத்துப் போகாது. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாளும், நிலவு காலத்தில ரெண்டு மூண்டு நாள் நிக்கேக்கயும், கட்டாயம் கழுவ வேணும். உங்களுக்குக் கை ஏலாத நாள் வந்தால் எந்த நாளை விடலாம் எண்டு தெரிஞ்சிருக்கத்தான் இதைச் சொல்லுறன்.

பரலுக்க தண்ணி எவ்வளவு எண்டதிலதான் ஆக்கள் பிழை விடுறது. விசிறிக்கு (புரொப்பெல்லருக்கு) மேல தட்டையா ஒரு தட்டு இருக்கு. அந்தத் தட்டு மூடினாக் காணும் எண்டு நினைப்பினம். பம்ப் இருக்கிறது தட்டுக்கு மேல, அதால தட்டுக்கு மேல இன்னும் நாலு அங்குலம் தண்ணி நிக்க வேணும். விசிறியைக் கழட்டிப்போட்டு ஓட்டுங்கோ. நியூற்றலிலயும் அது கொஞ்சம் இழுபட்டுச் சுத்தும், தண்ணியை வெளிய அடிக்கும், கை பட்டால் சொல்லத் தேவையில்லை. மேல்மூடி திறந்திருக்கிற நேரம் கிட்டப் போறதெண்டால் சேலைத் தலைப்பு, தலைமயிர் கவனம் பிள்ளை, சில்லு சுத்தும். வேப்பமரத்தடி நல்ல இடம். மழை எண்டு கொட்டிலுக்க கொண்டுபோய் ஓட்டாதேங்கோ, புகை ஆளைக் கொல்லும்.

தண்ணியைக் குறைக்கிறதுக்கு என்ர வழி: 200 லீற்றர்ப் பரலில ஒரு அங்குல உயரத்துக்கு ஆறரை லீற்றர் போகும். இஞ்சின் காலோ ஒல்லி, சுத்திவர நிக்கிற தண்ணி வெறும் இடத்தை நிரப்பிறதுதான். அஞ்சு லீற்றர்க் கான் எட்டில மணலை நிரப்பி, மூடியை இறுக்கி, பரல் சுவரோட சுத்திவரக் கயித்தால கட்டி விடுங்கோ. நாப்பது லீற்றர் மிச்சம். உங்கட வாளியில மூண்டு நாலு வாளி. கான் ஒண்டும் ஒழுகக் கூடாது, மணல் பம்புக்க போனால் நான் சொன்னதெல்லாம் வீண்.

முடிக்கிற நேரம் எண்ணெய்க் குழாயைக் கழட்டி விட்டு, காபரேற்றருக்க நிக்கிறது எரிஞ்சு தானா நிக்க விடுங்கோ. பிறகு இஞ்சினைச் சொட்டு நிக்குமட்டும் நேரா நிக்க விட வேணும். உடன படுக்க வைச்சால், அதுவும் தலை கீழயும் கால் மேலயுமா வைச்சால், மிச்சத் தண்ணி புகைவழியால சிலிண்டருக்க இறங்கும்.

கீழ பம்பைத் திறந்து பாத்திட்டு எழுதுங்கோ. எனக்கு அதில ஒரு சந்தேகம் கிடக்கு.

கணக்கு_மாஸ்ரர்

ஸ்பானர் அண்ணையின் பதிலுக்கு மேல் எனக்கு இஞ்சின் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்க் கணக்கை மட்டும் பார்ப்போம். (முள்ளியவளையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன், பழக்கம் விடாது.)

கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கழற்றிக் கொண்டுவரும் இஞ்சினுக்குள் தாராளமாக ஒன்றரை லீற்றர் கடல்நீர் ஒட்டி நிற்பதாக வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 52 கிராம். அது 100 லீற்றர் கழுவு தண்ணீரில் கரைந்தால் லீற்றருக்கு அரைக் கிராம்தான் கூடும். நாலு நாள் அதே தண்ணீர் என்றால் இரண்டு கிராம். எனவே தங்கையின் மூன்று நாளும் சரி, கணவரின் ஒரு கிழமையும் உப்புக் கணக்கில் பெரும் பிழையில்லை. ஆனால் அது நல்ல தண்ணீரில் தொடங்கினால். ஏற்கெனவே கரிக்கும் தண்ணீரில் தொடங்கினால் நான் தங்கையின் பக்கம். தவிர, ரூ ஸ்ரோக் துப்பும் ஒயில் மேலே படலமாக நிற்கும். ஒவ்வொரு நாளும் ஓடவிட முன் அதைப் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கிணறு எவ்வளவு கரிக்கிறது என்று அறியக் கருவி தேவையில்லை, நாக்கு போதும். ஒரு தேக்கரண்டி கடல்நீரை இருபது தேக்கரண்டி பவுசர் தண்ணீரில் கலந்து வையுங்கள். பக்கத்தில் ஒரு கோப்பை கிணற்றுத் தண்ணீர். இரண்டையும் நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்புங்கள். கிணறு அதைவிடக் குறைவாகக் கரித்தால் அது கடலில் இருபதில் ஒரு பங்கு உப்புக்கும் குறைவு, தயங்காமல் கழுவலாம். கூடக் கரித்தால் பத்துத் தேக்கரண்டிக் கலவையோடு ஒப்பிடுங்கள். அதையும் தாண்டினால் அந்தக் கிணற்றை மழை வரும்வரை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. பாரம் குறைந்தது மேலே. நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு நாற்பது அடி வரை ஏற இடம் கொடுக்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைக்கும் வீடுகளில் கிணறு கெடுவது அதனால்தான். வாளியால், விடியற்காலையில், மேல் தண்ணீரை அள்ளுங்கள். பக்கத்து வளவில் மோட்டர் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

சிலாவத்தைக்காரி

மாஸ்ரர், பக்கத்து வளவில மோட்டர் ஓடுது. கச்சான் போட்டிருக்கினம். அதைப் பற்றி இஞ்ச எழுதினால் நாளைக்கு வேலியால சண்டை வரும், விடுவம்.

நாக்கால பாத்தன். இருபது கரண்டிக்குக் குறைவு. மாமியையும் கூப்பிட்டு நக்கிப் பாக்க வைச்சன். அவ இருபது கரண்டிக் கோப்பையைத்தான் "இது கிணறு" எண்டு காட்டினா. நான் ஒண்டும் சொல்லேல்லை, கோப்பையைக் கழுவி வைச்சிட்டன்.

விடத்தல்தீவான்

எல்லாரும் கோவிக்காதேங்கோ. எங்கட பக்கம் இஞ்சினை வள்ளத்தோட ஓடையுக்கயே விட்டிடுறனாங்கள், தூக்கிக்கொண்டு திரியிறேல்லை. நான் பதினொரு வருசமா ஒரு 15 எச்பி ஓட்டுறன். நல்ல தண்ணி எண்டு ஒரு வாளி அதுக்குக் காட்டினதில்லை. வெளியால மட்டும் டீசல் பூசித் துடைக்கிறன். இண்டைக்கும் ஒரு இழுவையில ஸ்ரார்ட். கழுவிறது எல்லாம் இஞ்சின் விக்கிறவங்கள் கட்டிவிட்ட கதை எண்டுதான் நான் சொல்லுவன்.

பழைய_ஸ்பானர்

விடத்தல்தீவார், உங்கட இஞ்சின் ஓடையுக்க நிக்குது, நாளாந்தம் ஓடுது, உள்ளுக்க ஈரம் காயிறேல்லை. நான் மேல சொன்ன காயிற உப்புக் கதைதான். ஒரு மாதம் கரையில ஏத்தி வைச்சிட்டுப் பிறகு இழுத்துப் பாருங்கோ, இஞ்சின் விக்கிறவனோட நானும் சேர்ந்து வாறன். டீசல் பூசிறதை விடுங்கோ, வயர்த் தோலையும் றப்பரையும் ஊற வைச்சு இளக்கிப் போடும். காலடியில நாகக் கட்டி ஒண்டு பூட்டியிருக்கும், பாத்தனீங்களோ? இஞ்சினுக்குப் பதிலா அரிபட்டுப் போகத்தான் அதை வைச்சிருக்கிறான். அரைவாசி கரைஞ்சால் மாத்த வேணும். அதுக்கு மேல பெயின்ற் அடிச்சு அழகு பாக்கிறவையும் இருக்கினம், அடிச்சால் அது வேலை செய்யாது.

2004 மார்கழி சுனாமிக்குப் பிறகு மணலுக்கயிருந்து தோண்டி எடுத்த இஞ்சின் எத்தினையோ என்ர கையால போச்சு. எடுத்த கையோட நல்ல தண்ணியில அலசி, பிளக்கைக் கழட்டித் தண்ணியை வடியவிட்டு, சிலிண்டருக்க ஒயில் ஊத்திச் சுத்தி வைச்சவைக்கு நான் திரும்ப ஓட வைச்சுக் குடுத்தன். வீட்டில செத்த வீடு, இஞ்சினை ஆர் பாக்கிறது எண்டு தைப்பொங்கல் கழிச்சுக் கொண்டு வந்ததுகள் சுத்தியலால அடிச்சும் அசையேல்லை. அவையளைப் பிழை சொல்லவும் எனக்கு வாய் வரேல்லை.

விடத்தல்தீவான்

நாகக் கட்டி பாத்தன் அண்ணை. இருந்த இடம் மட்டும் இருக்கு.

சிலாவத்தைக்காரி

ஸ்பானர் ஐயா, திறந்தாச்சு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் இருந்தவை. நீங்கள் எழுதினதை நான் வாசிக்க வாசிக்கக் கழட்டினவை. நட்டு ஒண்டு உப்புப் பிடிச்சு வரமாட்டன் எண்டு நிண்டது, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைச்சு, ஒருக்கா இறுக்கி ஒருக்கா இளக்கி, ஒரு மாதிரி வந்திட்டுது. கியர்க் கம்பியைக் கழட்ட மறந்து இழுத்துப்போட்டு "இறுகிட்டுது" எண்டு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினது வேற கதை.

உள்ளுக்க அந்தப் பூவைப் பாத்தன். இதழ் மூண்டு இல்லை. மிச்சம் நுனி கருகி, நெருப்பில காட்டின செருப்பு மாதிரி மினுங்குது. அது சுத்திற இரும்புக் கிண்ணத்துக்கயும் தேய்ஞ்ச கோடு.

இது உப்பாலயோ எண்டு அவர் கேட்டார். சின்ன மச்சான் ஒண்டும் பேசாமல் ஸ்பனரைத் துடைச்சுக்கொண்டு இருந்தான். அந்த ஸ்பனரில துடைக்க ஒண்டும் இல்லை. பிறகுதான் சொன்னான். ஆடி மாதம் அவன்ர கூட்டாளி ஒருத்தன் இஞ்சின் பாக்க வந்தவனாம். நான் கோயிலுக்குப் போயிருந்தன், பரலில தண்ணி இல்லை. சத்தம் மட்டும் கேக்கட்டும் எண்டு வெறுமையா இழுத்துக் காட்டினவனாம். "ஒரு நிமிசம்கூட இல்லை மச்சாள், சத்தியமா."

ஒரு நிமிசம் காணுமோ ஐயா இப்பிடி ஆக?

பழைய_ஸ்பானர்

காணும் பிள்ளை, தாராளமாக் காணும். அந்த றப்பருக்குத் தண்ணிதான் எண்ணெய். தண்ணி இல்லாமல் கிண்ணத்தில உரஞ்சினால் அரை நிமிசத்தில வேக வெளிக்கிடும். அண்டைக்கே உடையாட்டிலும் கருகின இதழ் ஒவ்வொண்டாப் பிறகு விழும். நான் சந்தேகப்பட்டது இதைத்தான். மச்சானுக்கு அடிக்காதேங்கோ, ஒப்புக்கொண்டிட்டார் எல்லோ. ஒப்புக்கொள்ளாத ஆக்கள் எத்தினை பேர் என்னட்டக் காசு குடுத்திருக்கினம்.

புதுசு போடேக்க உள்சுவரில கொஞ்சம் கிறீஸ் தடவி, தண்டைக் கடிகாரம் சுத்திற பக்கமாச் சுழட்டிச் சுழட்டிக் கிண்ணத்தை இறக்குங்கோ, இதழ் எல்லாம் ஒரு பக்கமா மடியும். தண்டில ஒரு சின்ன ஆப்பு இருக்கும், அது மணலுக்க விழுந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், கீழ ஒரு சாக்கை விரியுங்கோ. தேய்ஞ்ச கிண்ணத்தையும் அடித்தட்டையும் சேர்த்து மாத்திறது நல்லம். எங்கட கரையில மணலுக்க வைச்சே ஸ்ரார்ட் எடுக்கிறவை, அதால கடலுக்குப் போற இஞ்சினுக்கு வருசத்துக்கு ஒருக்கா இந்தப் பூவை மாத்தத்தான் வேணும். தள்ளேக்க இடுப்பளவு தண்ணி வந்த பிறகு இழுக்கச் சொல்லுங்கோ. பீச்சிற ஓட்டையில மணல் அடைச்சால் மொத்தத் தங்கூசி (நைலோன் நூல்) துண்டு ஒண்டை விட்டுக் குத்தி எடுக்கலாம். கியர் ஒயிலையும் இப்பவே மாத்துங்கோ. வடிஞ்சு வாறது பால் மாதிரி வெள்ளையா இருந்தால் சீல் போட்டுது. புதுசைக் கீழ் ஓட்டையால ஏத்த வேணும், மேல் ஓட்டையால வழியுமட்டும்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஒண்டு. இல்லாமல் போன மூண்டு இதழும் எங்க? அது காத்தில போகாது. தண்ணியோட மேல போயிருக்கும். அதை எடுக்காமல் புதுப் பம்ப் போட்டால் திரும்பவும் அதே சூடுதான். மேல போற செப்புக் குழாயைப் பாருங்கோ, பிறகு தெர்மோஸ்ரற் மூடியைத் திறவுங்கோ.

கணக்கு_மாஸ்ரர்

மாமிக்குச் சொல்லியாயிற்றா?

சிலாவத்தைக்காரி

மாஸ்ரர், சொல்லேல்லை. அவவே எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு திண்ணையில இருந்தவ. பின்னேரம் நான் கிணத்தடிக்குப் போனால் பரலுக்க ஏற்கெனவே ஆறு வாளி தண்ணி நிக்குது.

ஐயா, பூவும் கிண்ணமும் தட்டும் வாங்கியாச்சு. மணல்க் கான் எட்டும் கட்டியாச்சு, இப்ப எட்டு ஒம்பது வாளியோட தட்டுக்கு மேல நாலு அங்குலம் நிக்குது. லான்மாஸ்ரர் பெட்டிக்குள்ள பழைய மோட்டச் சைக்கிள் ரயர் ஒண்டு போட்டிருக்கிறம், தலை அதுக்கு மேல, கால் கீழ.

இதழ்த் துண்டு ரெண்டு செப்புக் குழாய்க்குள்ள இருந்தது, ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு. மூண்டாவதைக் காணேல்லை. தெர்மோஸ்ரற் மூடி நட்டு வருகுதில்லை, இண்டைக்கு ரெண்டாம் நாளா மண்ணெண்ணெய் ஊறுது. சின்ன மச்சான் பெலத்தை எல்லாம் குடுத்துத் திருகப் பாக்கிறான், முறிச்சுப் போடுவான் போல கிடக்கு. என்ன செய்ய?

பழைய_ஸ்பானர்

ஸ்பனரை அவன்ர கையிலயிருந்து வாங்கி வையுங்கோ. கேத்திலில தண்ணி கொதிக்க வைச்சு, மூடியில மெல்ல மெல்ல ஊத்துங்கோ, நட்டில இல்லை, சுத்திவர. அலுமினியம் முதல் விரியும். சூட்டோட, ஒருக்கா இறுக்கிப் பிறகு இளக்குங்கோ.

சிலாவத்தைக்காரி

நட்டு வந்திட்டுது. மூண்டாவது துண்டு தெர்மோஸ்ரற்றுக்குக் கீழ, வாயில கவ்வின மாதிரிக் கிடந்தது. மூண்டையும் கழுவிக் குசினி யன்னலில வைச்சிருக்கிறன். கேத்தில் தண்ணி பவுசர்த் தண்ணிதான், ஒரு நாளைக்குப் பரவாயில்லை.